ஆய்வாளருக்கு வண்டி யார் கொடுப்பது?

தொழிற்சாலைகளில் பாதுகாப்பு அலுவலராகப் பல ஆண்டுகள் வேலை பார்த்தேன். அரசு ஆய்வாளர் வருகிறார் என்றால் வாசலில் நின்று அழைத்து வருவதும், பதிவேடுகளை எடுத்து வைப்பதும், கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வதும் என் பொறுப்பு. அப்படி ஓர் ஆலைக்கு வந்துகொண்டிருந்த ஆய்வாளர் பெரும்பாலும் எங்கள் நிர்வாகம் அனுப்பிய காரில்தான் வந்து இறங்குவார். அவர் அலுவலகத்தில் இருந்த ஒரே வண்டி மேலதிகாரியிடம். பேருந்து மாறி மாறி வந்தால் அரைநாள் போய்விடும். சொந்தக் காசில் வந்தால் பயணப்படி எப்போது கைக்கு வரும் என்று அவருக்கே தெரியாது. ஆகவே முந்தின நாள் சாயங்காலம் போன் வரும். "நாளைக்கு வரலாம்னு இருக்கேன் சார், ஒரு வண்டி அனுப்ப முடியுமா?"

அந்த போன் வந்த இரவில் ஆலையைப் பார்த்திருக்க வேண்டும். உற்பத்தி வேகத்துக்காகக் கழற்றிப் போட்டிருந்த, கை சிக்காமல் காக்கும் கார்டுகளெல்லாம் (காப்பு மூடிகள்) பவர் பிரஸ்ஸில் ஏறி உட்காரும். அவசர வழியை அடைத்துக்கொண்டிருந்த அட்டைப்பெட்டிகள் கிடங்குக்குப் போகும். தீயணைப்பான்களில் புது அட்டை தொங்கும். ஒப்பந்தத் தொழிலாளர்களில் பாதிப் பேருக்கு மறுநாள் விடுப்பு. காலை பத்து மணிக்கு ஆய்வாளர் சுற்றிப் பார்ப்பது அந்த ஒரு நாளுக்கென்று தயாரான ஆலை.

அவர் கைநீட்டுகிறவர் என்று நினைத்துவிடாதீர்கள். தண்ணீரைத் தவிர எதையும் வாங்கமாட்டார். காற்றில் கரைப்பான் ஆவி எவ்வளவு இருக்கிறது என்று அளக்க வேண்டுமென்றால் எங்களிடம்தான் கருவி கேட்பார். அவர் துறையின் கருவி பழுதாகி எங்கோ ஓர் அலமாரியில் கிடந்தது. எங்கள் கருவி, நாங்கள் அளவு திருத்தி வைத்த கருவி, எங்கள் ஆள் பிடித்துக்காட்டும் இடத்தில் அளவு. தலையில் இருக்கும் ஹெல்மெட்டும் வருகையாளர்களுக்கென்று நாங்கள் வாசலில் மாட்டி வைத்திருப்பது. இவ்வளவையும் எங்களிடம் வாங்கிக்கொண்டு எங்களுக்கு எதிராகவும் எழுத வேண்டும். எழுதவும் செய்தார் என்பதுதான் வியப்பு.

விபத்து நடந்தவுடன் "ஆய்வாளர் என்ன செய்துகொண்டிருந்தார்?" என்று எல்லோரும் கேட்கிறோம். அவருக்கு என்ன கொடுத்து வைத்திருந்தோம் என்று கேட்பவர்கள் குறைவு. எத்தனை பேரை நியமித்தோம், என்ன சம்பளம், யார் நினைத்தால் அவரை இடம் மாற்றலாம், அவர்மேல் வழக்குப் போட்டால் வக்கீல் வைப்பது யார்? இவையெல்லாம் ஓர் அரசு ஊழியரின் சொந்தச் சங்கதிகள் போலத் தோன்றும். ஆலைக்குள் நின்று பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், பிரஸ்ஸில் கை வைக்கிறவரின் விரல்கள் இந்தச் சங்கதிகளை நம்பித்தான் இருக்கின்றன.

சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1947-இல் கொண்டுவந்த 81-ஆம் எண் உடன்படிக்கை தொழிலாளர் ஆய்வுப் பணியைப் பற்றியது. 140-க்கும் மேற்பட்ட நாடுகள் ஏற்புறுதி செய்திருக்கின்றன. இந்தியா 1949-லேயே செய்துவிட்டது. அதன் 12-ஆம் பிரிவு, ஆய்வுக்குரிய எந்தப் பணியிடத்திலும் பகலோ இரவோ எந்நேரமும் முன்னறிவிப்பின்றி நுழைய ஆய்வாளருக்கு அதிகாரம் தருகிறது. மேடைகளில் மேற்கோள் காட்டப்படுவது இந்தப் பிரிவுதான். அதற்கு முந்தின 11-ஆம் பிரிவை யாரும் மேற்கோள் காட்டிக் கேட்டதில்லை. ஆய்வாளருக்கு உரிய அலுவலகம் வேண்டும், பொதுப் போக்குவரத்து போதாத இடத்தில் வண்டி வசதி வேண்டும், பயணச் செலவைத் திருப்பித் தர வேண்டும் என்பது அதில் உள்ளது. 11 இல்லையென்றால் 12-க்குப் பொருளே இல்லை. வண்டி கேட்டு போன் செய்த கணத்திலேயே முன்னறிவிப்பு கொடுத்தாயிற்று.

எத்தனை பேர் வேண்டும் என்பதற்கு அந்த உடன்படிக்கை ஓர் எண்ணைச் சொல்லவில்லை. பணியிடங்களின் எண்ணிக்கை, தன்மை, அளவு, தொழிலாளர் தொகை, அமலாக்க வேண்டிய சட்டங்களின் சிக்கல், கையில் இருக்கும் வசதி ஆகியவற்றைப் பார்த்து "போதுமான" ஆட்களை வைக்கச் சொல்கிறது 10-ஆம் பிரிவு. போதுமானது எது என்ற தகராறு தீராததால் 2006-இல் அந்த அமைப்பே ஓர் உத்தேச அளவைச் சொன்னது. தொழில்வளம் மிக்க சந்தைப் பொருளாதார நாடுகளில் 10,000 தொழிலாளர்களுக்கு ஓர் ஆய்வாளர், வேகமாகத் தொழில்மயமாகும் நாடுகளில் 15,000-க்கு ஒருவர், மாறிவரும் பொருளாதாரங்களில் 20,000-க்கு ஒருவர், வளர்ச்சி குன்றிய நாடுகளில் 40,000-க்கு ஒருவர்.

எனக்கு இந்த வரிசை எப்போதுமே உறுத்தும். நாடு ஏழையாக இருந்தால் இயந்திரத்தின் பல் மழுங்கிவிடுமா? கார்டு இல்லாத இயந்திரங்களும் பழைய பாய்லர்களும் கூடுதலாக இருக்கும் இடத்தில்தான் ஆய்வாளர் நான்கில் ஒரு பங்கு போதும் என்கிறது கணக்கு. நடைமுறைக்காக வைத்த அளவு என்பது புரிகிறது. ஆனாலும் அதை ஒரு தரநிலை போல அரசுகள் காட்டும்போது எரிச்சல் வருகிறது.

பணக்கார நாடுகளில் மட்டும் இந்த அளவு நிறைவேறுகிறதா என்றால் அதுவும் இல்லை. அமெரிக்காவில் 1970-ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான ஓஷா என்ற பணிப் பாதுகாப்பு அமைப்பு தன்னைப் பற்றித் தானே வெளியிட்ட கணக்கு ஒன்று உண்டு. மத்திய, மாகாண ஆய்வாளர்களைச் சேர்த்து ஏறத்தாழ 1,850 பேர், பார்க்க வேண்டிய பணியிடங்கள் 80 லட்சம், அதாவது சுமார் 70,000 தொழிலாளர்களுக்கு ஓர் ஆய்வாளர்.

இதன் விலை என்ன என்பதற்கு வட கரோலினா மாகாணத்தின் ஹேம்லட் என்ற சிற்றூரைச் சொல்ல வேண்டும். 1991 செப்டம்பர் 3 அன்று அங்கே ஒரு கோழி இறைச்சி ஆலையில் தீப்பிடித்தது. ஹைட்ராலிக் குழாயிலிருந்து பீய்ச்சிய எண்ணெய் பொரிக்கும் தொட்டியின் நெருப்பில் பட்டது. கதவுகள் பூட்டியிருந்தன. 25 பேர் இறந்தார்கள். 11 ஆண்டுகளாக ஓடிக்கொண்டிருந்த அந்த ஆலைக்குள் பணிப் பாதுகாப்பு ஆய்வாளர் ஒருவர்கூட ஒருமுறைகூட வந்ததில்லை. ஆனால் கோழி இறைச்சியைப் பரிசோதிக்கும் வேளாண் துறை ஆய்வாளர் அன்றாடம் வந்துபோனார். இறைச்சிக்கு அன்றாடம் ஓர் ஆய்வாளர், அதை வெட்டுகிறவர்களுக்கு 11 ஆண்டில் ஒருவரும் இல்லை! தீக்குப் பிறகு அந்த மாகாணம் பாதுகாப்பு ஆய்வாளர்களின் எண்ணிக்கையை ஏறத்தாழ இரட்டிப்பாக்கியது. ஆக, பணம் இல்லாமல் இருந்ததில்லை.

2013 ஏப்ரல் 17 அன்று டெக்சஸ் மாகாணத்தின் வெஸ்ட் என்ற ஊரில் உரக் கிடங்கு வெடித்து 15 பேர் இறந்தபோது, ஓஷா கடைசியாக அங்கே ஆய்வு செய்தது எந்த ஆண்டு என்று தேடினார்கள். 1985.

"தலைக்கு இத்தனை ஆலை" என்ற கணக்கு வெளியாருக்குச் சரியாக விளங்காது என்பதால் ஒரு முழு ஆய்வு என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். போவதற்கு முன் பழைய கோப்பைப் படிக்க வேண்டும்: முன்பு என்ன குறை எழுதப்பட்டது, என்னென்ன விபத்து, எந்த ரசாயனம், ஒப்புதல் பெற்ற வரைபடத்துக்கு மேல் எங்கே கூரை போட்டிருக்கிறார்கள். ஆலைக்குள் மூலப்பொருள் இறங்கும் இடத்திலிருந்து சரக்கு ஏறும் இடம் வரை நடக்க வேண்டும். மேற்பார்வையாளர் காதில் விழாதபடி தொழிலாளர்களிடம் பேச வேண்டும். இதற்குத்தான் நேரம் அதிகம் பிடிக்கும், ஏனென்றால் முதல் பத்து நிமிடம் யாரும் வாய் திறப்பதில்லை. அழுத்தக் கலன்களின் சோதனைச் சான்று, கிரேனின் சங்கிலி, புகைபோக்கி விசிறி இழுக்கிறதா, மூடி திறந்தால் இயந்திரத்தை நிறுத்தும் இன்டர்லாக்கைக் கம்பி போட்டுக் கட்டியிருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். பிறகு உத்தரவு எழுத வேண்டும். எழுதியது நடந்ததா என்று மறுபடி வந்து பார்க்க வேண்டும். நடக்கவில்லையென்றால் வழக்கு, வழக்கென்றால் வாய்தா. ஒரு வாய்தாவுக்கு ஒரு நாள்.

இப்போது ஆள் பற்றாக்குறையை இதற்குள் புகுத்திப் பாருங்கள். முதலில் காணாமல் போவது மறுஆய்வு. அடுத்து தொழிலாளரிடம் பேசும் நேரம். பிறகு வழக்குத் தொடுப்பது. இந்தியாவில் நெடுங்காலம் நடைமுறையில் இருந்த 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 106-ஆம் பிரிவுப்படி, குற்றம் ஆய்வாளரின் கவனத்துக்கு வந்த மூன்று மாதத்துக்குள் நீதிமன்றத்தில் புகார் தாக்கலாக வேண்டும். எழுத்து மூலமான உத்தரவை மீறிய குற்றத்துக்கு ஆறு மாதம். மூன்று மாவட்டங்களைக் கூடுதல் பொறுப்பாகச் சுமக்கிற ஒருவருக்கு மூன்று மாதம் என்பது கண்மூடித் திறக்கும் நேரம். நான் பக்கத்தில் இருந்து பார்த்ததில், நிர்வாகங்கள் சட்டத்துக்குப் பயந்ததைவிடக் காலக்கெடுவை நம்பியதுதான் அதிகம். "எழுதிட்டுப் போகட்டும், கேஸ் போட நேரம் இருக்காது" என்று என் மேலாளர் ஒருவர் வெளிப்படையாகவே சொல்வார். பெரும்பாலும் அவர் சொன்னபடிதான் நடந்தது.

கடைசியில் மிஞ்சுவது விபத்து விசாரணை. அதை மட்டும் தள்ளிப்போட முடியாது. பத்திரிகை கேட்கும், சட்டமன்றத்தில் கேள்வி வரும். ஆள் குறையக் குறைய ஆய்வுத்துறை விபத்துக்கு முன்னால் வருகிற துறை என்பது போய், விபத்துக்குப் பின்னால் வருகிற துறையாகிவிடுகிறது.

அனுமதிக்கப்பட்ட பணியிடம், நிரப்பப்பட்ட பணியிடம் என்ற இரண்டுக்கும் உள்ள இடைவெளி தனிக் கதை. அரசுகள் முதல் எண்ணைச் சொல்லும். ஆலைக்குள் வருவது இரண்டாவது எண். காலியிடத்தை அறிவித்து, தேர்வு வைத்து, நேர்காணல் முடித்து, யாராவது வழக்குப் போட்டால் அதையும் தாண்டி ஒருவர் வந்து சேர ஆண்டுகள் ஆகும். வந்தவர் அன்றே ஆய்வுக்குப் போய்விட முடியாது. ரசாயன ஆலையின் குழாய் வரைபடத்தைப் படிக்கவும், நச்சு வாயுவுக்கும் வெடிக்கும் வாயுவுக்கும் வேறு வேறு மாதிரி யோசிக்கவும் அனுபவசாலி ஒருவரோடு சில ஆண்டுகள் நடந்தாக வேண்டும். அனுபவசாலிகளே ஓய்வுபெற்றுப் போய்விட்டால் யாரோடு நடப்பது? பயிற்சி முடிந்தவரைத் தனியார் நிறுவனங்கள் அதைவிடப் பெரிய சம்பளம் காட்டி அழைத்துக்கொள்கின்றன. நான் பார்த்த நிறுவனங்களில் பாதுகாப்புத் துறைத் தலைவர்களாக இருந்தவர்களில் சிலர் முன்னாள் ஆய்வாளர்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இதையெல்லாம் முதலில் யோசித்தவர்கள் நாம் அல்ல. பிரிட்டனில் 1833-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் நான்கே நான்கு ஆய்வாளர்களை நியமித்தது. பார்க்க வேண்டிய நெசவாலைகள் ஏறத்தாழ 3,000. எண்ணிக்கையில் கஞ்சத்தனம், சம்பளத்தில் தாராளம். ஆண்டுக்கு 1,000 பவுண்டு, அன்றைக்கு மிகப் பெரிய தொகை. ஆலை முதலாளியின் முன் தலைநிமிர்ந்து நிற்கக்கூடியவராக ஆய்வாளர் இருக்க வேண்டும் என்ற எண்ணம் அதில் தெரிகிறது. அந்த நால்வர் வரிசையில் மிகவும் அறியப்பட்டவரான லெனர்ட் ஹார்னர் 1859 வரை பதவியில் இருந்தார். கால் நூற்றாண்டுக்கு மேல்! 1844-ஆம் ஆண்டுச் சட்டம் இயந்திரங்களுக்குக் காப்பு வேலி போடச் சொன்னது. ஆலை முதலாளிகள் 1855-இல் சங்கம் கூடி எதிர்த்தார்கள். 1856-இல் பாராளுமன்றம் அந்த விதியைத் தளர்த்தியும் கொடுத்தது. ஹார்னர் தோற்றார் என்று சொல்லலாம். ஆனால் தோற்றவர் வேலையில் நீடித்தார், அறிக்கை எழுதுவதையும் நிறுத்தவில்லை. அடுத்த தலைமுறைச் சட்டங்களுக்கு அந்த அறிக்கைகள் சான்றாக நின்றன. முதலாளிகளோடு மோதிய மறுவாரமே அவரைத் தூக்கி வேறு துறையில் போட்டிருந்தால் எழுதவே ஆள் இருந்திருக்காது.

பெண்களை அந்தத் துறை ஆய்வாளராக எடுத்தது 1893-இல்தான். அப்படி வந்தவர்களில் ஒருவரான லூசி டீன், கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) தூசியை நுண்ணோக்கியில் பார்க்கச் செய்து, அதன் துகள்கள் கண்ணாடிச் சில்லு போலக் கூராக இருக்கின்றன, உடலுக்குக் கேடு என்று 1898-ஆம் ஆண்டு அறிக்கையில் எழுதினார். கல்நார்த் தூசிக்கு பிரிட்டனில் ஒழுங்குமுறை விதி வந்தது 1931-இல். முழுத் தடை வந்தது 1999-இல். ஆய்வாளர் கண்டுபிடித்தாலும் அரசு கேட்க நூறாண்டு ஆகலாம் என்று இதைச் சொல்லிச் சலித்துக்கொள்ளலாம். நான் வேறொன்றைக் கவனிக்கிறேன்: தூசியை எடுத்துப்போய் நுண்ணோக்கியில் காட்ட அவருக்கு நேரம் இருந்தது. இன்றைக்கு ஒரு நாளைக்கு இத்தனை ஆய்வு என்று இலக்கு வைத்து, முடித்ததை அன்றே கணினியில் ஏற்றச் சொன்னால் யார் தூசியை அள்ளுவார்கள்?

இடமாற்றத்துக்கு வருகிறேன். 81-ஆம் உடன்படிக்கையின் 6-ஆம் பிரிவு, ஆய்வாளர்கள் நிலையான வேலை உறுதி கொண்ட அரசு அலுவலர்களாக இருக்க வேண்டும், ஆட்சி மாற்றமோ முறையற்ற வெளித் தலையீடோ அவர்களைத் தொடக் கூடாது என்கிறது. வேலையிலிருந்து யாரும் நீக்குவதில்லைதான். நீக்க வேண்டிய தேவையே இல்லையே! கல்வியாண்டின் நடுவில் நானூறு கிலோமீட்டர் தள்ளி ஓர் உத்தரவு போதும். காகிதத்தில் அது தண்டனை ஆகாது, "நிர்வாகக் காரணம்". அதை எதிர்த்துச் செல்லும் வழிகளும் குறைவு. இடமாற்றம் பணியின் இயல்பான பகுதி என்று ஒரே வரியில் தள்ளிவிடலாம். பதவி உயர்வுக் கோப்பில் ஒரு பழைய மெமோவைப் புதுப்பிப்பது இன்னொரு வழி. இவற்றில் எதையும் ஆலை முதலாளி நேரடியாகச் செய்வதில்லை. ஆய்வாளரும் முதலாளியும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளாமலே விஷயம் முடிந்துவிடும்.

பிரான்ஸ் போன்ற, ஆய்வாளர் சுதந்திரம் வேரூன்றிய நாட்டிலேயே 2020 ஏப்ரலில், கொரோனாவின் முதல் அலையில், வீட்டுப் பராமரிப்புப் பணியாளர்களுக்கு முகக்கவசம் தர உத்தரவிடும்படி நீதிமன்றத்தை நாடிய ஓர் ஆய்வாளரை அமைச்சகம் தற்காலிகப் பணிநீக்கம் செய்தது. சங்கங்கள் தெருவில் இறங்கின. அவர்மீதான நடவடிக்கை பிற்பாடு நிற்கவில்லை. அங்கே சங்கம் இருந்தது, நிர்வாக நீதிமன்றம் இருந்தது, பத்திரிகை எழுதியது. இவை மூன்றும் இல்லாத ஊரில் அதே ஆய்வாளர் அந்த மனுவை எழுதியிருக்கவே மாட்டார்.

உயிர் போவதும் உண்டு. 2004 ஜனவரி 28 அன்று பிரேசிலின் உனாய் பகுதியில் பண்ணைகளை ஆய்வு செய்யப் போன மூன்று ஆய்வாளர்களும் அவர்களுடைய ஓட்டுநரும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அந்த நாளைத்தான் பிரேசில் இப்போது அடிமை உழைப்பு ஒழிப்பு நாளாக அனுசரிக்கிறது. அதே ஆண்டு செப்டம்பர் 2 அன்று பிரான்சின் சோசினியாக்கில், பருவகாலத் தொழிலாளர்களைப் பற்றி விசாரிக்கப் போன இரண்டு ஆய்வு அலுவலர்களைப் பண்ணைக்காரர் ஒருவர் சுட்டுக் கொன்றார். தனியாகப் போகாதே என்று விதி போட்டால் இரண்டு பேர் வேண்டும், இருப்பதே ஒருவர். இரவுப் பணிநேரத்தில் ஆய்வுக்குப் போகும் பெண் ஆய்வாளருக்குத் துறை என்ன ஏற்பாடு செய்கிறது என்று என்னுடன் பேசிய ஒருவரிடம் கேட்டேன். சிரித்துவிட்டு, "ஆலை செக்யூரிட்டிதான் துணை" என்றார்.

சட்டப் பாதுகாப்பைப் பொறுத்தவரை, நல்லெண்ணத்தோடு செய்த செயலுக்கு வழக்கில்லை என்ற வரி பல நாட்டுச் சட்டங்களில் உண்டு. இந்தியாவின் 1948 சட்டத்தில் அது 117-ஆம் பிரிவாக இருந்தது. பிரிட்டனின் 1974-ஆம் ஆண்டுப் பணிப் பாதுகாப்புச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போய், ஆய்வாளர்மேல் வழக்கு வந்து அவர் நேர்மையாகத் தன் அதிகாரத்துக்கு உட்பட்டுத்தான் செய்தார் என்று துறை கருதினால், இழப்பீட்டையும் செலவையும் துறையே ஏற்கலாம் என்று 26-ஆம் பிரிவில் சொல்கிறது. ஒரு வரிசை இயந்திரங்களை இன்றே நிறுத்து என்று தடையாணை எழுதும்போது ஆய்வாளரின் பேனா நடுங்காமல் இருக்க இது எவ்வளவு உதவும் என்பதை, மணிக்கு இத்தனை லட்சம் நட்டம் என்று எதிரில் நின்று கத்தும் மேலாளரைப் பார்த்தவர்கள்தான் அறிவார்கள்.

சரி, லஞ்சம்? அதைப் பேசாமல் இந்தக் கட்டுரையை எழுதினால் வாசகர்கள் என்னைச் சும்மா விடமாட்டார்கள், விடவும் கூடாது. ஆய்வு என்ற பெயரில் மாமூல் வசூலித்தவர்களை நான் அறிவேன். சின்னக் குறைக்குப் பெரிய நோட்டீஸ், பெரிய குறைக்கு மௌனம். "இன்ஸ்பெக்டர் ராஜ்" என்று தொழில்துறையினர் புலம்பியதில் உண்மை இருந்தது. அந்தப் புலம்பலை வைத்துக்கொண்டு என்ன செய்தார்கள் என்பதில்தான் எனக்குத் தகராறு.

பாகிஸ்தானின் பஞ்சாப் மாகாணம் 2003-இல் தொழிற்கொள்கை ஒன்றின் பெயரில் தொழிலாளர் ஆய்வையே நிறுத்தியது. ஆய்வுத்துறை தேய்ந்துபோன அதே நாட்டின் கராச்சியில், 2012 செப்டம்பர் 11 அன்று ஓர் ஆடை ஆலை எரிந்து 250-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சில வாரங்களுக்கு முன்புதான் அந்த ஆலைக்கு ஒரு தனியார் தணிக்கையின் தரச் சான்று கிடைத்திருந்தது. 2013 ஏப்ரல் 24 அன்று வங்கதேசத்தில் இடிந்து 1,134 உயிர்களைக் கொண்ட ராணா பிளாசாவுக்குள் இருந்த ஆலைகளில் சிலவும் தனியார் தணிக்கை கண்டவைதான். தணிக்கையாளருக்குக் கட்டணம் தருவது ஆலையோ, அதனிடம் சரக்கு வாங்கும் நிறுவனமோ. அவர் அறிக்கை வாடிக்கையாளரின் சொத்து. இயந்திரத்தை நிறுத்தச் சொல்லும் அதிகாரம் அவருக்குக் கிடையாது. நிறுத்தச் சொன்னால் அடுத்த ஆண்டு வேறொரு தணிக்கையாளர் வருவார். லஞ்சம் வாங்கக்கூடிய ஓர் ஆய்வாளரை ஒதுக்கிவிட்டு, கட்டணத்தை வெளிப்படையாகவே பெறும் ஒருவரை வைத்தோம். இதில் நேர்மை எங்கே கூடியது?

இந்தியா வேறு வழியில் போனது. 2014-இல் தொடங்கி, எந்த ஆய்வாளர் எந்த ஆலைக்குப் போக வேண்டும் என்பதைக் கணினி குலுக்கிச் சொல்லும் முறை வந்தது. ஒரே ஆய்வாளர் ஒரே ஆலையைக் குத்தகை எடுத்தது போல வைத்திருப்பதை இது உடைத்தது, நல்லது, மறுக்கவில்லை. ஆனால் பக்கத்து ஆலையில் வித்தியாசமான வாடை அடிக்கிறது என்று உள்ளே நுழைந்து பார்க்கும் சுதந்திரம் சுருங்கியது. 2020-இல் நிறைவேறி 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த பணிப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்தில் ஆய்வாளரே நிர்வாகங்களுக்கு உதவுநராகவும் இருக்கிறார். ஆலோசனை சொல்வது புதிதல்ல. 1947 உடன்படிக்கையின் 3-ஆம் பிரிவே முதலாளிக்கும் தொழிலாளிக்கும் ஆலோசனை தருவதை ஆய்வாளரின் கடமையாக எழுதியிருக்கிறது. அதே பிரிவு, கூடுதல் கடமைகள் முதன்மைக் கடமைக்கு இடையூறாகக் கூடாது என்றும் எழுதியிருக்கிறது. ஆளே இல்லாத துறையில் இரண்டு வேலையைக் கொடுத்தால் எது செய்யப்படும்? யாருக்கும் கோபம் வராத வேலைதான்.

லஞ்சத்துக்கு மருந்து ஆய்வைக் குறைப்பது என்றால், நீதிமன்றத்தில் லஞ்சம் இருக்கிறது என்று வழக்குகளைக் குறைப்பீர்களா? நல்ல சம்பளம், குறிப்பிட்ட காலம் வரை இடமாற்றம் இல்லை என்ற உறுதி, இருவராகச் செல்லும் ஆய்வு, ஆய்வு அறிக்கையை ஆலைத் தொழிற்சங்கத்துக்கும் தருவது, முறைகேட்டை விசாரிக்கத் துறைக்கு வெளியே ஓர் அமைப்பு. இவை செலவு பிடிக்கும், மெதுவாக வேலை செய்யும், பத்திரிகையாளர் சந்திப்பில் அறிவிக்கவும் எடுப்பாக இராது.

ஆய்வாளர்களுக்குச் சங்கம் வேண்டுமா, அவர்கள் வேலைநிறுத்தம் செய்யலாமா என்பதில் என் நண்பர்களோடு நான் ஒத்துப்போவதில்லை. சங்கம் கட்டாயம் வேண்டும். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 87-ஆம் உடன்படிக்கை சங்க உரிமையிலிருந்து விலக்க அனுமதிப்பது ராணுவத்தையும் காவல்துறையையும் மட்டுமே. பொதுப்பணி ஊழியர்களுக்கென்றே 1978-இல் வந்த 151-ஆம் உடன்படிக்கை, தகராறுகளைப் பேச்சுவார்த்தையாலோ நடுநிலையான சமரச, நடுவர் ஏற்பாடுகளாலோ தீர்க்கச் சொல்கிறது. வேலைநிறுத்தத்தைப் பற்றி அப்படி உறுதியாகச் சொல்ல என்னால் முடியவில்லை. அரசின் பெயரால் அதிகாரம் செலுத்தும் அலுவலர்களின் வேலைநிறுத்த உரிமையைக் கட்டுப்படுத்தலாம், ஆனால் ஈடாக அவர்கள் நம்பக்கூடிய நடுவர் ஏற்பாடு இருக்க வேண்டும் என்பது சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் மேற்பார்வைக் குழுக்கள் எடுத்த நிலை. நடைமுறையில் அரசுகள் முதல் பாதியை ஆவலாக எடுத்துக்கொண்டு இரண்டாம் பாதியை விட்டுவிடுகின்றன. வேலைநிறுத்தமும் கூடாது, நடுவரும் கிடையாது, மனுப்போட்டுக் காத்திரு. தொழிலாளர் உரிமைச் சட்டத்தைக் கையில் ஏந்தி ஆலை ஆலையாகப் போகிறவருக்கு அந்த உரிமை எதுவும் இல்லை என்பது, எங்கள் ஆலைத் தொழிற்சங்கச் செயலாளருக்கே தெரிந்து அவர் ஆய்வாளரைக் கேலி செய்திருக்கிறார். "மொதல்ல உங்களுக்கு ஒரு சங்கம் வைங்க சார், அப்புறம் எங்களுக்கு வந்து எழுதுங்க." ஆய்வாளர் கோபப்படவில்லை, "வச்சா மாத்திடுவாங்கப்பா" என்றார்.

ஆண்டறிக்கை ஒன்று உண்டு, பலருக்குத் தெரியாது. 81-ஆம் உடன்படிக்கையின் 20, 21-ஆம் பிரிவுகள்படி மத்திய ஆய்வு அதிகார அமைப்பு ஒவ்வோர் ஆண்டும் அறிக்கை வெளியிட வேண்டும். ஆண்டு முடிந்து 12 மாதத்துக்குள் அது வெளிவர வேண்டும். ஆய்வுப் பணியாளர்கள், ஆய்வுக்குரிய பணியிடங்கள், அங்குள்ள தொழிலாளர்கள், நடந்த ஆய்வுகள், கண்ட மீறல்கள், தண்டனைகள், விபத்துகள், தொழில்சார் நோய்கள் என்று அதில் என்னென்ன இருக்க வேண்டும் என்பதும் எழுதப்பட்டிருக்கிறது. விபத்துப் பட்டியலை மட்டும் படித்துவிட்டுப் பத்திரிகைகள் செய்தி போடுகின்றன. பணியாளர் பட்டியலைத்தான் முதலில் படிக்க வேண்டும். அதில் அனுமதிக்கப்பட்ட இடம், நிரப்பப்பட்ட இடம், கூடுதல் பொறுப்பில் ஓடும் இடம் என்று தனித்தனிப் பத்தி கேளுங்கள். தொழிற்சங்கங்களும் சட்டமன்ற உறுப்பினர்களும் இதைக் கேட்க எந்தச் சட்டத் திருத்தமும் தேவையில்லை. அவற்றோடு இன்னொரு பத்தியும் சேர்க்கச் சொல்லுங்கள்: இயந்திரத்தையோ ஆலையையோ நிறுத்தச் சொல்லித் தடையாணை எழுதிய ஆய்வாளர்களில், அடுத்த 12 மாதத்துக்குள் இடம் மாற்றப்பட்டவர்கள் எத்தனை பேர்?